தங்கச்சிக்குச் சீராகக் கொடுத்த பங்கு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் தாராவியில் எங்கள் சந்தில் தோல்பை தைக்கிறவர்களில் முதலில் பிரைவேட் லிமிடெட் கம்பெனி போட்டவன் நான்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு என் கம்பெனியின் பங்குகளை அவள் பெயரில் எழுதிச் சீராகக் கொடுத்தேன். அப்படிச் சீர் செய்த அண்ணன் பம்பாயில் வேறு எவன் இருக்கிறான், சொல்லுங்கள்.

பிறகு பெரிய ஆர்டர் வந்தது. புது மெஷின்கள் வேண்டும். விக்ரோலியில் ஒரு சேட் முதல் போடத் தயாராக இருந்தார். அவருக்குப் புதுப் பங்குகள் கொடுக்க வேண்டும், அதற்கு முக்கால்வாசி ஓட்டு வேண்டும் என்றார் மாட்டுங்கா ஆடிட்டர். என் பங்கும் என்னோடு நின்ற தொழிலாளிகளின் பங்கும் சேர்த்தால் கொஞ்சம் குறைந்தது. தங்கச்சி சம்மதித்தால் போதும். போனில் அவள் சரி என்றுதான் சொன்னாள். அவள் புருஷனுக்குத்தான் வெளியாள் உள்ளே வருவது பிடிக்கவில்லை.

ஆடிட்டர் ஆபீஸில் கூட்டம். தங்கச்சியும் வந்திருந்தாள். மாப்பிள்ளை தாணேயிலிருந்து தன் சொந்தக்காரர்களை இரண்டு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எந்தப் பக்கம் கை அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான்.

"சேட்ட உள்ள விடக்கூடாதுன்னு சொல்லுதவுக கையத் தூக்குங்க" என்றான். அறை முழுக்கக் கை. "எண்ணிக்கிடும் சார்."

ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்தார். "இவாள்ளாம் ஷேர்ஹோல்டரே இல்லையே. நான் கையை எண்ணப் போறதில்லை, ஷேரைத்தான் எண்ணணும். உங்க பேர்லயும் ஒண்ணும் இல்லை. மிஸஸ் பேர்லதான் இருக்கு."

"மாப்ளே, வந்தவுகளுக்கு டீயாவது வாங்கிக் குடும். பாவம், தாணேயிலேருந்து கையத் தூக்கிட்டு வந்திருக்காக" என்றேன்.

அவன் ஆட்களே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவனைக் கிளப்பியது. இரும்பு நாற்காலியை எடுத்து என் முகத்தில் இறக்கினான். புருவம் கிழிந்து இடது கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. ஒரு கண் போதும் எனக்கு. வயிற்றில் முட்டிச் சுவரோடு சாய்த்தேன். என் தோளைக் கடித்துவிட்டு அப்படியே சரிந்து விழுந்தான். அவன் வலது கையைப் பிடித்து மேஜை விளிம்பில் வைத்து என் உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. தாணே ஆட்கள் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. அறுபது தாண்டியவன் நான், அவனுக்கு நாற்பதுகூட இல்லை.

"ஓட்ட எடும் சார்" என்றேன், ரத்தத்தைத் துப்பிவிட்டு.

ஆடிட்டர் நோட்டை எடுத்தார். ஒவ்வொருத்தராகக் கேட்டுக் கடைசியில் தங்கச்சியிடம் வந்தார். அவள் தரையில் உட்கார்ந்து புருஷனின் கையைத் தன் முந்தானையால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சரின்னு சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லு, தாயி."

"அவுக அடிச்சது தப்பு. விழுந்த மனுசன் கைய மேசையில வச்சு ஒடிச்சீகளே, அது என்னது?" ஆடிட்டரைப் பார்த்தாள். "வேண்டாம்னு எழுதிக்கிடுங்க சார்."

அவனைத் தாங்கிப் பிடித்து மாடிப்படி இறங்கினாள். ஓட்டு குறைந்துபோனது, சேட் கம்பெனிக்குள் வரவில்லை. செம்பூரில் இருந்த என் வீட்டை விற்று மெஷின்களை நானே வாங்கினேன், ஆர்டரையும் முடித்தேன். அவள் பங்குக்கு உள்ள லாபம் இன்றும் அவளுக்குப் போகிறது. வாங்கிக்கொள்கிறாள். என் வாசலைத்தான் மிதிப்பதில்லை. மாப்பிள்ளைக்கு அந்த மணிக்கட்டு இன்னும் திரும்பவில்லையாம். என் அடி அப்படி.