முனி கையில் வைத்த அடையாள அட்டை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் கல்லூரித் தோழி ஸ்டெல்லாவோடு ஒரகடம் பக்கம் போய் வந்தேன். அவள் பௌத்தம் படித்துப் பேராசிரியரானவள். பாதிரியார், பிக்கு, மௌலவி, குருக்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசவைப்பதும் அவள் வேலைதான். அங்கே ஒரு கிராமத்தில் முனீஸ்வரனாகக் கும்பிடும் சிலை உண்மையில் புத்தர் என்று நிறுவி ஒரு புத்தகமே எழுதிவிட்டாள். அச்சுக்குப் போவதுதான் பாக்கி. சிலையைப் பதிவு செய்ய தொல்லியல் துறை அதிகாரி வருகிறார், நேரில் வந்து உறுதி சொல்லுங்கள் என்று அவளை அழைத்திருந்தார்கள். நான் ஊர் சுற்றும் ஆசையில் ஒட்டிக்கொண்டேன்.

பூந்தமல்லியில் காலை ஏழரைக்கு பஸ். செம்பரம்பாக்கம் தாண்டியதும் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் சேர ஒரு மணி நேரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு நாற்பது ரூபாய். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள், வழியெல்லாம் லாரிப் புழுதி.

கோயில் என்பது ஒரு தகரக் கொட்டகை. இடுப்பளவு உயரச் சிலை, முகமெல்லாம் தேய்ந்து திருநீறு அப்பியிருந்தது. மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். அந்தக் கைகளில் தன் கம்பெனி அடையாள அட்டையை வைத்துவிட்டு ஒரு பெண் கண்மூடி நின்றாள். கன்னியம்மா என்று பெயர் சொன்னாள்.

"காண்ட்ராக்ட் முடியப் போவுதுக்கா. முனி கையில வச்சு எடுத்தா திரும்பப் போட்டுக் குடுப்பாங்க. இங்க எல்லாரும் அப்பிடித்தான்" என்றவள், ஸ்டெல்லா பக்கம் திரும்பினாள். "புத்தர்னு நீங்க சொன்னா மியூசியத்துக்குத் தூக்கினு பூடுவாங்களாமே? அப்பால நாங்க யார் கையில வைக்கறது?"

ஸ்டெல்லா குனிந்து அந்த அட்டையைப் பார்த்தாள். சற்று நேரத்தில் அதிகாரி வந்தார்.

"நீங்க சொன்னா போதும் மேடம். புத்தர்தானே?"

"இல்லீங்க. முனீஸ்வரன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவளுக்குப் பைத்தியமா? அதிகாரி மறுபடியும் கேட்டார். அதே பதில்தான். அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆட்டோவில் கத்தியே விட்டேன். "உன் புத்தகம் என்னடி ஆவும்?"

அவள் பதிப்பகத்துக்கு போன் போட்டாள். "அச்சடிக்க வேணாங்க. நான் எழுதினது தப்பு." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எல்லா மதத்துலயும் பேசறவங்களைத்தான்டி கூப்பிட்டேன். கும்பிடறவங்களை ஒருநாளும் கூப்பிடல."

அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை. அவள் செய்தது சரியா என்றும் தெரியவில்லை.

வழக்கமாக என் பயணக் கட்டுரைகளின் கடைசியில் வழி சொல்வேன். இந்தத் தடவை கிடையாது. ஸ்டெல்லா என்பதும் அவள் பெயரில்லை. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போங்கள், காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது. வழியில் எந்தக் கொட்டகையிலாவது அடையாள அட்டையோடு யாராவது நின்றால், செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். உள்ளே இருப்பது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.