பில் போட்டு வாங்கிய கைப்பிடி

"பில்லோடவா, பில் இல்லாமலா?"

திருவாரூர்க் கடைவீதியில் இரும்புக்கடைக்காரர் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. கேட்டது எங்கள் இளைஞர் மன்றத் தலைவரை. தலைவர் என்றால் பெரிய ஆள் இல்லை. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். ஊரே கிண்டலாகத் தலைவர் என்று கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது.

எங்கள் ஊருக்கும் வயலுக்கும் நடுவே வாய்க்கால். அதன் மேல் கைப்பிடி இல்லாத சிமெண்டுப் பாலம். மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், நாங்களே கைப்பிடி போடுவது என்று முடிவு செய்தோம். தேர்த்திருவிழாவில் கடை போட்டுச் சுண்டலும் முறுக்கும் விற்றோம். கூவிக் கூவி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. தலைவரோ பொட்டலத்துக்கு ஒரு கும்பிடு போட்டு விற்றார். பாலத்தின் இரண்டு பக்கமும் குழாய் வாங்க அளவாகப் பணம் சேர்ந்தது. வரி என்று ஒன்று இருப்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பில் போட்டால் நூற்றுக்குப் பதினெட்டு ஏறும் என்றார் கடைக்காரர். வியாபாரிகள் கட்டிய வரியைப் பிறகு கழித்துக்கொள்வார்களாம். சுண்டல் விற்ற நாங்கள் எதில் கழிப்பது? "பில் வேணாம்ணே, அப்படியே வாங்கிடுவோம்" என்று தலைவரிடம் கெஞ்சினேன்.

"ஊர்க்காசுடா. நாளைக்கு எவனும் தலைவர் தின்னுட்டாருன்னு சொல்லிடக் கூடாது. நீங்க பில் போடுங்க" என்றார்.

மேற்குப் பக்கம் முழுதாக முடிந்தது. கிழக்குப் பக்கத்தில் இரண்டு முனையிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்ததில், வரிக்குப் போன காசுக்கு ஒரு குழாய் குறைந்து, நடுவில் அந்த நீளத்துக்கு இடம் விட்டுப்போனது. தலைவர் அங்கே கயிறு கட்டினார். "தை அறுவடை முடியட்டும், என் கைக்காசைப் போட்டு முடிச்சிடுறேன்" என்றார்.

ஐப்பசியில் அடைமழை. வாய்க்கால் பாலத்தின் மேலேறி ஓடியது. கயிறு எப்போது அறுந்ததோ, யாரும் கவனிக்கவில்லை. வயலில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, மண்வெட்டியோடு தலைவர் திரும்பி வந்ததை ஊர்க்கரையில் நின்று பார்த்தேன். மேற்குக் கைப்பிடியைப் பிடித்தபடிதான் வந்தார். கால் வழுக்கியது. தண்ணீர் அவரைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போனது. போன இடத்தில் குழாய் இல்லை. அடுத்த மதகில்தான் அவரை எடுத்தோம்.

கருமாதிக்கு அந்தக் கடைக்காரர் ஒரு குழாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காசு வேண்டாம் என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. தலைவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, "காச வாங்கிக்கிட்டு பில் குடுங்கண்ணே. இல்லன்னா அவரு ஏத்துக்க மாட்டாரு" என்றார்.

வரியைக் குறை சொல்லலாம், மழையைக் குறை சொல்லலாம். எனக்குக் கோபமெல்லாம் தலைவர் மேல்தான். அது இன்னும் தீரவில்லை.

இப்போது தஞ்சாவூரில் வேலை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். மற்ற குழாய்களில் கை பட்டுப் பட்டுப் பச்சைப் பெயிண்ட் உரிந்துவிட்டது. கிழக்கே நடுவில் கடைசியாகப் போட்ட அந்த ஒரு குழாயில் மட்டும் பூசிய அன்று இருந்ததுபோலவே இருக்கிறது. தலைவரைப் பார்த்தே இராத பள்ளிப் பிள்ளைகள்கூட அந்த இடம் வந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள்.