முதலாளி குனிந்த படம்

ஒஸ்லோவின் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது, மேசையில் யாரோ விட்டுப்போன நாளிதழில் எங்கள் பழைய முதலாளியைக் கண்டேன். ஜப்பானிலிருந்து வந்து, ஒஸ்லோவில் மீன் நிறுவனம் தொடங்கி, நாடு முழுக்கப் பெயர் எடுத்தவர். அவருக்கு ஏதோ விருதாம்; ஒரு முழுப் பக்கம் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். நடுவில் பெரிய படம், இடுப்பு வரை குனிந்து நிற்கிறார். கீழே, தொழிலாளிக்குத் தலைவணங்கும் நிறுவனர் என்று எழுதியிருந்தது. அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

அவருடைய தொழிற்சாலையில் மீன் வெட்டும் இயந்திரத்தில் நின்றவர் மன்னார் அண்ணை. ஞாயிறு பூசை தவறாதவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். வேலை வேகமாக நடக்கட்டும் என்று, கத்தியை மூடியிருந்த காப்பைக் கழற்றச் சொன்னது முதலாளிதான். பக்கத்தில் மீனைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த நான் என் காதாலேயே கேட்டேன். மூன்றாம் நாள் அண்ணையின் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

கட்டுப்போட்ட கையோடு அவர் திரும்பி வந்த அன்று, உடுப்பு மாற்றும் அறையில் எல்லோர் முன்னிலையிலும் முதலாளி அவர் முன் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. ஊரில் எந்த முதலாளியும் எங்களைப் பார்த்துத் தலையசைத்ததுகூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைபேசியில் படம் எடுத்தேன். அலுவலகத்தில் கேட்டதும் பெருமையோடு அனுப்பியும் வைத்தேன், மடைச்சி.

பிறகு, வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசாங்க அதிகாரி விசாரிக்க வந்தார். காப்பைத் தானே கழற்றியதாக அண்ணை சொன்னார். அதிகாரி போனதும் அவரோடு சண்டைக்குப் போனேன்.

"ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"அந்த வயசில ஒரு மனுசன் எனக்கு முன்னால குனிஞ்சு நிண்டிட்டார், தங்கச்சி. பிறகு என்னெண்டு காட்டிக்குடுக்கிறது?"

ஒரு மாதத்தில் அவருக்குக் கடிதம் வந்தது. பாதுகாப்பு விதியை மீறியதற்காக வேலை நீக்கம். முதலாளி அன்று மாடியிலிருந்த அலுவலகத்தை விட்டு இறங்கவே இல்லை. உண்மை எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது, வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது என்னை அரிக்கிறது.

நாளிதழை எடுத்துக்கொண்டு எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் அண்ணை வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிச்ச விரல்களால் தாளை நீவி நீவிப் பார்த்தார்.

"வடிவா எடுத்திருக்கிறாய். என்ர கை எங்கை?"

வெட்டிவிட்டிருந்தார்கள். ஓரத்தில் அவருடைய சப்பாத்து மட்டும் தெரிந்தது. கைபேசியில் முழுப் படத்தைக் காட்டினேன். குனிந்த தலைக்கு நேரே அந்தக் கட்டுப்போட்ட கை இருந்தது.

"இதைப் பேப்பருக்கு அனுப்பவோ அண்ணை? நடந்ததையும் நான் சொல்லுறன்."

"வேண்டாம் தங்கச்சி. விருது கிடைச்ச நேரத்தில அந்த மனுசனை ஏன் அவமானப்படுத்த வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, பழகாத இடக்கையால் நாளிதழில் இருந்த படத்தை வெட்டத் தொடங்கினார், சுவரில் ஒட்டி வைக்க. தாள் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"இதை ஒருக்காப் பிடி, தங்கச்சி."

பிடித்துக்கொடுத்தேன்.