மாடிக்கொண்டையின் கண் ஆபரேஷன்

அந்தப் பெயரை மருமகள் முதன்முதலில் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பெரியப்பா வீட்டில் சொந்தக்காரர்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுக்க வந்தவர் காமிராவிலிருந்து கண்ணை எடுத்து, "அந்த மாடிக்கொண்டை அம்மாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க. பின்னாடி மூணு பேரைக் காணோம்" என்றார். அந்த அம்மா பெரியப்பாவின் தங்கை. அத்தை முறை. பிற்பாடு அவள் மகனையே கட்டிக்கொண்டு அத்தையை மாமியாராகவும் ஆக்கிக்கொண்டாள் இவள். யாரைக் குற்றம் சொல்ல?

அறுபதுகளில் டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவள் மாடிக்கொண்டை. அன்றைக்கு வந்த நாகரிகம் அத்தனையும் அவள்மேல் வந்து இறங்கியது, இறங்கியது திரும்பிப் போகவில்லை. புள்ளி போட்ட சட்டை, பாதி முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, காதைப் பார்த்து நீளும் கண்மை. எல்லாவற்றுக்கும் மேலே கொண்டை. காலிப் பவுடர் டப்பாவை நடுவில் நிறுத்தி, அதன்மேல் சவுரியைச் சுற்றி, சவுரிமேல் சொந்த முடியை வாரி ஏற்றுவாள். காதில் மாட்டும் கருவியின் வளையம் கொண்டையைத் தாண்டாது என்று, அதை மோவாய்க்குக் கீழே மாட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். பேத்தி எடுத்த பிறகும் கொண்டை ஒரு விரல்கூடக் குறையவில்லை. புருஷன் கண்ணை மூடும்வரை அது இறங்கிப் பார்த்ததில்லை.

எழுபத்தொன்பதாவது வயதில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கண்மை ஒரு நாள் காது மடலில் ஏறியது, மறுநாள் கழுத்துக்கு இறங்கியது. ஒரு காலையில் கண்ணாடி என்று நினைத்து ஜன்னல் முன்னால் நின்றவள், "அடியே, எனக்கு மீசை முளைச்சிருக்கு!" என்று அலறினாள். எதிர்வீட்டுக்காரர் அவர் ஜன்னலில் சவரம் செய்துகொண்டிருந்தார்.

டாக்டர், "இப்படியே விட்டா சீக்கிரம் மை டப்பாவே தெரியாதும்மா" என்றார். அந்தக் கணமே ஆபரேஷனுக்குச் சரி என்றாள். குறித்த நாளில் நர்ஸ் பச்சைத் தொப்பியைக் கொண்டுவந்தபோதுதான் வம்பு வந்தது.

"கொண்டையை இறக்குங்க பாட்டி. தொப்பி போடணும்."

"கண்ணு கீழே இருக்கு. மேலே உனக்கென்ன வேலை?"

"இறக்கினாத்தான் உள்ளே விடுவாங்க."

"அப்போ கண்ணே வேண்டாம்." எழுந்தவள் வாசல் என்று நினைத்து அலமாரியைத் திறந்தாள்.

மருமகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தக் கண் போனால் அன்றாடம் அந்த மைக்கோட்டை இழுக்கும் வேலை தன் தலையில்தான் விழும். ஒரு மயிரிழை பிசகினால் பொழுது சாயும்வரை வசவு கேட்க வேண்டும்.

"அத்தை, சும்மா இறக்கி வைக்க வேண்டாம். நீங்க வர்ற வரைக்கும் என் தலையில இருக்கட்டும்."

மாமியார் யோசித்தாள். "குனிய மாட்டியே?"

"மாட்டேன்."

"தும்ம மாட்டியே?"

"அடக்கிப் பார்க்கிறேன்."

"கண்ணை மூடிக்கோ. என் தலையைப் பார்த்தே, தொலைஞ்சே."

மறைப்புத் துணிக்குப் பின்னால் அரை மணி நேரம் ஆயிற்று. மருமகள் கண்ணைத் திறந்தபோது கழுத்து அசையவில்லை. பெஞ்சில் பச்சைத் தொப்பிக்குள் யாரோ ஒரு சின்னக் கிழவி உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் அந்தப் பக்கம் போகும்போது வார்டு ஆளிடம், "அந்தப் பெரிய கொண்டைதான் அடுத்த ஆபரேஷன்" என்று சொல்லிவைத்திருந்தாள். அவர் சக்கர நாற்காலியை நேரே மருமகளிடம் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏறுங்கம்மா."

"நான் துணைக்கு வந்தவளுங்க."

"பயந்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. கொண்டை உங்களுதுதானே?"

பெஞ்சே நிரம்பியிருந்தது, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை என்றால் அத்தையின் மானம் போய்விடும். மருமகள் "என்னுதுதான்" என்று ஏறிக்கொண்டாள். சொட்டு மருந்து விட்டார்கள். புருவத்துக்கு மேலே பேனாவால் குறி வைத்தார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரையையே காணோமே!" என்றார்.

"எனக்குப் புரை இல்லைங்க டாக்டர். கொண்டை மட்டுந்தான்."

"முதல்ல அதை இறக்குங்க. கத்திரி எங்கே?"

கத்திரி என்ற சொல் கதவுக்கு வெளியே கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு பச்சைத் தொப்பி உள்ளே பாய்ந்தது. "அதைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்! அது என் கொண்டை! உள்ளே டப்பா, வெளியே சவுரி, மேலே நாலு முடிதான் என்னுது. நோயாளி நான்தான். போதுமா?"

வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. வார்டு ஆள் மட்டும், "டப்பா எந்த சைஸ் பாட்டி? என் வீட்டுக்காரி கேப்பா" என்றார்.

ஆபரேஷன் ஆயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்ததும் மாமியார், இன்னும் அந்தக் கொண்டையோடு எதிரே நின்ற மருமகளை ஒற்றைக் கண்ணால் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இடது பக்கம் ரெண்டு விரக்கடை சாய்ச்சிட்டியேடி, பாவி."

அடுத்த மாதம் மற்றக் கண்ணுக்கு வந்தபோது கொண்டையைத் தானே இறக்கி மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாள்.

இப்போது மாடிக்கொண்டைக்கு எண்பத்தொன்று. மகன் வீட்டில், தெருவைப் பார்த்த அறையில் இருக்கிறாள். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது.