அயல்நாட்டு எழவுக்குப் பொன்முடியில் அரை நாள்

1. மேலதிகாரியின் அறை

செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகத்தில் நுழைந்ததும் மேலதிகாரி மாதவன் நாயர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். அழைப்பது அரிதன்று, கதவைச் சாத்தச் சொன்னது அன்றுதான் முதன்முறை.

"சாமி, இரியும். ஒரு காரியம் கேக்கட்டே. ஞாயிற்றுக்கிழமை பொன்முடியில நீர் எந்தாணு பேசியது?"

"எழுதி வைத்திருந்ததைத்தான் பேசினேன், சார்."

"எழுதியது நீர், வாசிச்சு கையொப்பமிட்டது ஞான். அதுல 'நாளைக்கு வேலைக்குப் போகாதே'ன்னு ஒரு வரி இல்லல்லோ?"

"இல்லை."

"பின்னே எப்படி திங்கக்கிழமை உச்சி வரைக்கும் ஒரு பெண்ணும் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகலே? தோட்டத்துத் துரை ஆளனுப்பிச்சிருக்கார். யுத்தப் பிரசாரம்னு வந்து வேலைநிறுத்தம் உண்டாக்கிட்டுப் போனீங்கன்னு சொல்றார். சாமி, இந்த வயசுல உமக்குப் புரட்சி எதுக்கு?"

அவர் முகத்தில் கோபத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது. நான் வலியசாலை அக்கிரகாரத் தெருவில் பிறந்து, பள்ளியில் இலக்கணம் கற்பித்து, நாற்பது வயதுக்கு மேல் அந்தப் போர்ப் பிரசார அலுவலகத்துக்கு வந்தவன். என்னால் ஒரு தோட்டம் நின்றுபோகும் என்பதை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

இன்றைய இளைஞர்களுக்கு அப்பணி இன்னதென்று சொல்லிவிடுவது நலம். இரண்டாம் உலகப் போரின்போது, அன்றைய மலையாளச் சமஸ்தானத்தின் தென் வட்டங்களிலும் மலைத் தோட்டங்களிலும் இருந்த தமிழ் மக்களுக்குப் போர்ச் செய்திகளைப் படங்காட்டி விளக்குவது என் வேலை. சினிமா அன்று, 'மாஜிக் லாந்தர்' என்னும் படவிளக்கு. கண்ணாடித் துண்டில் பதித்த படத்துக்கு ஸ்லைடு என்று பெயர். கார்பைடு வாயுவின் வெளிச்சத்தில் அது வெள்ளைத் திரையில் ஆளுயரத்துக்கு விரியும். நான் திரையருகில் நின்று கோலால் சுட்டிப் பேசுவேன். லாந்தரை இயக்கியவர் டேவிட், விளவங்கோட்டுக்காரர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஸ்லைடைத் தலைகீழாகச் செருகித்தான் திரையில் நேராகக் காட்ட வேண்டும். டேவிட் சில நாள் அதை நேராகவே செருகிவிடுவார். வீடுகளும் மனிதர்களும் திரையில் தலைகீழாய்த் தொங்குவர். நான் திரும்பிப் பார்த்தால், "யுத்தத்துல எல்லாம் இப்பிடித்தான் கெடக்கு சாரே, நீரு பேசும்," என்பார்.

2. வாட்டும் தளம்

பொன்முடியில் நாங்கள் படங்காட்டிய இடம் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தளம். கிள்ளிவந்த கொழுந்தைப் பரப்பி வாட்டும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமையாதலால் தட்டுகள் வெறுமையாயிருந்தன. சன்னல்களில் சாக்குகளைக் கட்டி நண்பகலை இருளாக்கினோம். ஒரே கூரையின்கீழ் வரிசையாய் ஓரறை வீடுகள் கொண்ட லயங்களிலிருந்து ஆண்களும் பெண்களுமாய் வந்து தரையில் அமர்ந்தனர். எல்லாரும் நெல்லைச் சீமையிலிருந்து கங்காணி கூட்டிவந்தவர்கள்.

எங்களிடம் இரண்டு தொகுதிகள் இருந்தன. முதலாவது, பகைவர் குண்டு வீசிய லண்டன் நகரத்தின் படங்கள். இரண்டாவது, நம் தரப்பு விமானங்கள் ஹாம்பர்க் என்னும் ஜெர்மானிய நகரத்தில் வீசிய குண்டுகளின் விளைவு. முதலாவதற்கு மக்கள் சினங்கொள்ள வேண்டும். இரண்டாவதற்குக் கைதட்ட வேண்டும். என் உரையின் கையெழுத்துப் படியில் அவ்விடங்களில் 'சற்று நிறுத்துக' என்று குறிப்பே எழுதியிருந்தேன்.

லண்டன் படம் ஒன்றில், இடிந்த வீட்டின் முன்னே ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருந்தாள். வீட்டில் எஞ்சியது அந்த நாற்காலி ஒன்றே போலும். அப்படம் விழுந்ததும் முன்வரிசையிலிருந்த பேச்சியம்மாள் என்பவள் எழுந்து திரையருகே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவனை மலைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பெண் குழந்தைகளுடன் லயத்தில் ஓர் அறையில் வாழ்ந்தவள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

"இந்த அம்மாவுக்கு யாரு போயிட்டா அய்யா?"

"கணவனும் மக்களும் இறந்திருக்கலாம்," என்றேன். படத்தின் அடிக்குறிப்பில் அவ்வளவு விவரம் இல்லை.

பேச்சியம்மாள் திரைக்கு எதிரே தரையில் அமர்ந்தாள், தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். வேறு நான்கு பெண்கள் எழுந்து வந்து அவளைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டனர். துக்க வீட்டில் கூடுவோர் அமரும் வட்டம் அது. பின்னர் ஒப்பாரி எழுந்தது. நான் எத்தனையோ ஊர்களில் அப்படத்தைக் காட்டியிருக்கிறேன். மக்கள் 'உச்' கொட்டியதுண்டு, பல்லைக் கடித்ததுண்டு. ஒருவரும் அதை இழவு வீடாகக் கொண்டதில்லை.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மேலதிகாரி கேட்டால் பாராட்டுவார் என்று எண்ணிக்கொண்டு, அழுகை சற்றே தணிந்ததும் இரண்டாம் தொகுதியைச் செருகும்படி டேவிட்டுக்குச் சைகை காட்டினேன். வானிலிருந்து எடுத்த படம். புகையும், கூரையற்ற சுவர்களின் நீண்ட வரிசைகளும் தெரிந்தன. "பகைவரின் துறைமுகமும் ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நீறாயின" என்று முழங்கினேன். அவ்வாக்கியத்தின் ஓசையில் எனக்குப் பெருமிதம் இருந்தது. பிறகு, எழுதியிருந்த குறிப்பின்படி சற்று நிறுத்தினேன்.

ஒருவரும் கைதட்டவில்லை.

"குடியிருப்புன்னா என்ன அய்யா?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

நான் சொல் தேடுவதற்குள் லாந்தருக்குப் பின்னாலிருந்து டேவிட் சொல்லிவிட்டார்: "லயம்தாம் எளா. மில்லுல வேல செய்யிறவ இருக்கப்பட்ட லயம்."

"அப்பம் ஆளு இருந்துச்சா, உள்ள?"

"இருந்திருப்பர்," என்றேன். "ஆனால் அம்மா, இவர்கள் பகைவர்கள். சற்றுமுன் பார்த்தாயே, அந்த அம்மாளின் வீட்டை இடித்தவர்கள்."

"மில்லுல வேல செஞ்சவுகளா போயி இடிச்சாக?"

என் விடைக்கு அவள் காத்திருக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டனர். டேவிட் லாந்தரின் வாயுக்குழாயை மெல்லத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தார். அது அவர் தாமாகச் செய்தது.

அதன்பின் நடந்ததைப் பிறர் சொல்லியே அறிந்தேன். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் மறுநாள் உச்சி வரை கொழுந்து கிள்ளுவதில்லை. இது தோட்டத்து வழக்கம், துரைகளும் ஒப்புக்கொண்டது. திங்கட்கிழமை விடிந்தபோது ஆள்கணக்கெடுக்கும் களத்துக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. கங்காணி சுடலைமுத்து லயத்துக்கு ஓடிப்போய், "யாருளா செத்தது?" என்று கேட்டிருக்கிறார். "வெளியூர்ல நெறைய பேரு," என்று விடை வந்திருக்கிறது.

3. துரையின் அறை

வியாழனன்று மேலதிகாரி, டேவிட், நான் மூவரும் விசாரணைக்காக மலையேறினோம். பெட்ரோல் பஞ்சத்தால் எங்கள் வண்டி கரிவாயுவில் ஓடியது. கொண்டையூசி வளைவுகளில் அது நின்று மூச்சு வாங்கும். நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். மாதவன் நாயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியவாறே, "சாமி, நீர் எழுதிய தமிழுக்கு ஞான் கூலி கொடுக்குன்னு," என்றார். அந்நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. துரை பேச்சியம்மாளின் பெயரை ஆட்பதிவிலிருந்து அடிக்கப்போவதாக வழியிலேயே கேள்வியுற்றோம். அவ்வாண்டு சமஸ்தானம் முழுதும் அரிசி இல்லை. தோட்டத்து அரிசிப்படி ஒன்றே அவளையும் குழந்தைகளையும் காத்து நின்றது. பெயர் அடிபட்டால் அறையும் போகும், அரிசியும் போகும்.

துரைக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். ஆயினும் விசாரணை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பார். அவ்விடத்தில் என்னையே நிறுத்தினார்.

லயத்தில் யாரும் இறக்காதபோது ஏன் வேலைக்கு வரவில்லை என்பது அவர் கேள்வி. நான் அதைத் தமிழாக்கினேன்.

"சாவு விழுந்துச்சே," என்றாள் பேச்சியம்மாள். "இவுகதான வந்து சொன்னாக. சொல்லிவிட்ட பொறவு கேக்காத மாதிரி இருக்க முடியுமா?"

"சத்துருவுக்கு எதற்கு அழுதீர்கள் என்று கேட்கிறார்," என்றேன்.

"எங்க ஊர்ல எங்கப்பாவுக்கும் அவுக பங்காளிக்கும் வாய்க்காத் தண்ணியில வெட்டுக்குத்து. ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க மாட்டாக. அந்த வீட்டுல கெழவர் செத்தப்பம் எங்கப்பாதான் மொத ஆளாக் கோடித்துணி எடுத்துட்டுப் போனாக. வழக்கு பொறவு கோர்ட்டுல நடந்துச்சு. அது வேற, இது வேற."

இதை நான் ஆங்கிலமாக்கத் தொடங்குமுன் மேலதிகாரி குறுக்கிட்டார். குரலைத் தாழ்த்தி, அவசரமாகப் பேசினார்.

"பெண்ணே, ஒரு காரியம் கேளு. ரெண்டு படம் காட்டினாங்கல்லே? முதல் படம் துரையோட நாடு. அந்தப் படத்துக்காகத்தான் அழுதோம்னு சொல்லு. துரை சந்தோஷப்படுவார், விட்டுடுவார்."

"அவுகளுக்கும்தான் அழுதோம் எசமான்."

"மதி, அது போதும். அதோட நிறுத்திக்கோ."

வாயிலில் நின்ற கங்காணி, "ஏளா பேச்சி, ரெண்டு புள்ளைய வச்சிருக்க. நாக்க மடக்கு," என்று கெஞ்சினார்.

"மடக்கலாம் அண்ணாச்சி. பாதி எழவுல எந்திரிச்சுப் போனதா ஆயிருமே," என்றாள். பின் என் பக்கம் திரும்பினாள். "அய்யா, ரெண்டு ஊருக்கும் சேத்துத்தான் அழுதோம். நான் சொன்னத அப்பிடியே சொல்லுங்க. ஒண்ணையும் வெட்டிராதிக."

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். மேலதிகாரி என்னைப் பார்த்தார். கண்ணாலேயே, 'முதல் பாதி போதும்' என்றார். என் முப்பதாண்டுத் தமிழும் இருபதாண்டு ஆங்கிலமும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நின்றன. பாதியை விட்டால் அவளுக்கு அரிசி கிடைக்கும். விடக்கூடாது என்றவளும் அவளே. வாழ்வு அவளுடையது, சொல்லும் அவளுடையது. இரண்டில் எதையும் குறைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. பங்காளி வீட்டுக் கோடித்துணி முதல் பாதி எழவு வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். மாதவன் நாயர் கண்களை மூடிக்கொண்டார்.

துரை சன்னலுக்கு வெளியே பார்த்தார். களத்தில் பெண்கள் கூடைகளுடன் நின்றிருந்தனர். மற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்களா என்று கேட்டுவரக் கங்காணியை அனுப்பினார். கங்காணி போய்த் திரும்பி வந்தார்.

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாக தொரை. ஒருத்தி மட்டும் வேற சொல்லுதா."

"வேற என்ன?" துரை தமிழிலேயே கேட்டார்.

"ரெண்டு படத்துக்கும் அவ அழலயாம். ஓடிப்போன புருசன நெனச்சு அழுதாளாம்."

இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. துரை கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அடக்கமுடியாமல் முதலில் சிரித்தவர் டேவிட், அடுத்தவர் மேலதிகாரி. பேச்சியம்மாள் மட்டும், "அவ எப்பவும் அப்பிடித்தான்," என்று சலித்துக்கொண்டாள்.

சிரிப்பினால் துரை மனம் மாறினார் என்று எழுதினால் அது பொய்யாகும். மழை நின்ற வாரம் அது. செடியெல்லாம் தளிர்த்து நின்றது. அத்தனை பெண்களையும் அனுப்பிவிட்டால் கொழுந்து முற்றிவிடும். ஒருத்தியை மட்டும் அனுப்பினால் மற்றவர்கள் அதையும் ஒரு சாவாகக் கொள்ளக்கூடும். அரை நாள் கூலியைப் பிடித்தார். யார் பெயரையும் அடிக்கவில்லை. இனித் தம் தோட்டத்தில் லாந்தர் ஏறக்கூடாது என்றார். நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

4. இறங்குமுன் ஒரு கேள்வி

வண்டியின் கரியடுப்பை டேவிட் ஊதிக்கொண்டிருக்கையில் பேச்சியம்மாள் கூடையுடன் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு அப்படியொரு எண்ணமே இல்லை.

"அய்யா, அந்த ரெண்டு ஊர்லயும் மிஞ்சினவுக இப்பம் எங்க இருக்காக? யாரு சோறு போடுதா?"

"தெரியவில்லையே, அம்மா."

"கேட்டுச் சொல்லுங்க. எழவுக்குப் போனவ பதினாறாம் நாளும் விசாரிக்கணும்லா?"

வண்டி புறப்பட்டு மூன்று வளைவுகள் இறங்கியது. பிறகு மாதவன் நாயர், "சாமி, அந்தக் கேள்விக்கு உத்தரம் உண்டா நம்ம கையில?" என்றார். இல்லை என்றேன். "மேல எழுதிக் கேப்போம்," என்றார். கேட்டார், இருமுறை கேட்டார். வந்த செய்திகளில் விழுந்த குண்டின் எடை இருந்தது, எரிந்த ஆலைகளின் பெயர் இருந்தது. எஞ்சியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

என் உரையின் முடிவில் ஒரு வரியைச் சேர்த்தேன்: 'இவ்வீடுகளில் உயிர்தப்பியோர் இன்று எங்குள்ளனர், அவர்களுக்கு யார் உணவளிக்கின்றனர் என்பது எமக்குத் தெரியவில்லை.' மேலதிகாரி கையொப்பமிடுமுன் படித்துப் பார்த்தபோது, "தெரியலேன்னு சொல்றதுக்கா சர்க்கார் நமக்குச் சம்பளம் தருது?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். வரி அப்படியே இருந்தது. போர் முடியும் வரை, தோவாளை முதல் தேவிகுளம் வரை, அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செய்தி எழுதும் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. தொலைவிலுள்ளோரின் சாவை ஓர் ஊருக்கு நீங்கள் கொண்டு சேர்த்தால், அங்குள்ளோர் எவருக்கு அழவேண்டும் என்று வரையறுக்க முயலாதீர்கள். அதை அவர்கள் அறிவார்கள். மிஞ்சியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு விடை தேடுவதும் உங்கள் வேலையில் சேர்ந்ததே. எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.