அக்னி மூலையில் ஒரு கட்டம்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நாற்பத்தேழு நெய் பாட்டில்களைத் திருத்தினேன்.

நெய்யை அல்ல. நெய் நன்றாகத்தான் இருந்தது... இருந்தது என்று நினைக்கிறேன். (என் கவலைகளை வாராவாரம் படித்துப் பழகியவர்கள் இந்த ‘நினைக்கிறேன்’-ஐ மன்னித்துவிடுவீர்கள்.) நான் திருத்தியது பாட்டிலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை.

எங்கள் மீனாட்சிபுரத்தில் வீட்டுக்கு வீடு மாடு. இங்கே யார் என்னிடம் நெய் வாங்கப் போகிறார்கள்? விற்க வேண்டுமென்றால் மலையேற வேண்டும். மேலே சித்திரபுரத்தில் செல்வி என்கிற பெண் டூரிஸ்ட்டுகளுக்காக ஒரு கடை வைத்திருக்கிறாள். டீத்தூள், ஏலக்காய், சாக்லேட். போனில் பேசியபோது கறாராகச் சொல்லிவிட்டாள்.

“இப்ப வர்ற ஆளுக பாட்டிலைப் பாக்குறதில்லக்கா, போனைத்தான் பாக்குறாங்க. ஸ்கேன் பண்ணா மாடு தெரியணும். தெரிஞ்சா என் கடையில ஒரு தட்டு உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளு வரிசையில நிக்கிறாங்க.”

ஒரு தட்டு! அந்த ஒரு தட்டை நினைத்து நான்கு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய், நானும் பக்கத்தில் நிற்க, எங்கள் ரோஸி வைக்கோல் தின்பதை வீடியோ எடுத்தார். பொள்ளாச்சியில் ஒரு அச்சகக்காரர் அதை க்யூஆர் கோடாக மாற்றி, ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். வீட்டுக்காரர் ஒன்றை ஸ்கேன் செய்து, “சூப்பர் புள்ள” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது குறை தெரியும். தெரிந்தால் கவலை வரும். அதுவும் போக, ஸ்கேன் செய்தால் பேங்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, கறுப்புக் கட்டத்தைக் கண்டாலே போனைக் கவிழ்த்துப் பிடிப்பவள் நான்.

ஆனால் ஸ்டிக்கரை ஒட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒட்ட முடியுமா? பார்த்தேன்.

மேலே இடது மூலையில் ஒரு பெரிய கட்டம். மேலே வலது மூலையில் ஒன்று. கீழே இடது மூலையில் ஒன்று. கீழே வலது மூலையில்...? காணோம்!

அடுத்த பாட்டிலிலும் காணோம். அதற்கடுத்ததிலும்.

நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு என்கிற வரைக்கும் படித்துவிட்டுத்தான் நின்றேன். மேலே வடக்கு என்றால் கீழே வலது மூலை எது? தென்கிழக்கு. அக்னி மூலை! போன வருஷம்தான் மேஸ்திரியை வைத்து, மேடையை இடித்து, அடுப்பை அக்னி மூலைக்கு மாற்றினோம். நெய் காய்ச்சிப் பிழைக்கிறவளுக்கு ஸ்டிக்கரில் அக்னி மூலை காலியாக இருந்தால் விளங்குமா?

அச்சகக்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. ‘இதுகூடத் தெரியாதுங்களா அக்கா’ என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு இந்தப் பயம் ரேஷன் கார்டு மாதிரி... எங்கே போனாலும் கூடவே வரும்.

கறுப்பு மார்க்கர் எடுத்தேன். மற்ற மூன்றையும் பார்த்துப் பார்த்து, ஸ்கேல் வைத்து, நாலாவது கட்டத்தை வரைந்தேன். வெளியே ஒரு சதுரம், உள்ளே ஒரு சதுரம். கோலம் போட்டுப் பழகிய கை, சுத்தமாக வந்தது. நாற்பத்தேழு முடிந்து நாற்பத்தெட்டாவதற்கு வரும்போது மை தீர்ந்துவிட்டது. அந்த ஒரு குறைப் பாட்டிலை மட்டும் யார் கண்ணிலும் படாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

மறுநாள் காலை செல்வி வந்தாள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் அப்படியே எங்கள் வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துவிட்டாள். நெய்யை முகர்ந்தாள். தலையாட்டினாள். போனை எடுத்தாள்.

“என்னக்கா, எடுக்கவே மாட்டேங்குது?”

அடுத்த பாட்டில். அதுவும் இல்லை. அதற்கடுத்தது. ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள், பாட்டிலைத் துடைத்துப் பார்த்தாள், தன் கண்ணாடியைக்கூடத் துடைத்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் தன் போனில் முயன்றார். ம்ஹும்.

“நல்லாத்தானுங்க இருந்துச்சு... நாம் பாத்தனுங்களே!” என்றார் பாவம்.

“பரவாயில்லண்ணே. சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, பாப்போம்” என்று செல்வி பையை எடுத்துக்கொண்டாள். அந்த ‘பாப்போம்’ எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற ‘பாப்போம்’ அது.

வந்தவளைச் சும்மா அனுப்பக் கூடாது என்று, ஒரு படி அரிசி கொடுக்க வீட்டுக்காரர் உள்ளே போனார்.

“ஏம்புள்ள... இந்தப் பாட்டலு எதுக்கு டிரம்முக்குப் பொறகால உக்காந்திருக்குது?”

“அது வேண்டாங்க மாமா! அது குறையானதுங்க!” என்று நான் கத்துவதற்குள், கூடவே உள்ளே வந்திருந்த செல்வி பழக்க தோஷத்தில் அதன்மேல் போனை நீட்டிவிட்டாள்.

டிங்!

ரோஸி வந்தாள். வைக்கோல் வந்தது. கூடவே... என் குரல் வந்தது.

“மாமா, வாளிய சுடுதண்ணில கழுவுனீங்களா?”

“கழுவுனேன் புள்ள.”

“ரெண்டாந்தடவ?”

“ரெண்டாந்தடவையும்.”

“ரோஸி எதுக்குங்க என்னைய அப்படிப் பாக்கறா? காய்ச்சலா இருக்குமோ? நேத்துக் காய்ச்சுன நெய்ய ஒருக்கா மோந்து பாருங்க மாமா. நானும் மோந்தனுங்க, எம்மூக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்லீங்க...”

“அட, மாடு திங்குது... உடு புள்ள!”

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று தரையைப் பார்த்தேன். அதுவும் ஒத்துழைக்கவில்லை. செல்வி சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசி டிரம்மைப் பிடித்தபடி நின்றாள். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

“அக்கா, கலப்படம் பண்றதுக்கு ஒரு தைரியம் வேணும்ல? சத்தியமா உங்களுக்கு அது கிடையாது. ஸ்டிக்கரை மட்டும் மாத்தி அனுப்புங்க, தட்டு உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு... அந்தப் பேச்சுல ஒரு சொல்லைக் குறைச்சீங்க, நெய்யைத் திருப்பி அனுப்பிருவேன்!”

பிறகு அச்சகக்காரருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். “அக்கா, மூணு மூலையில கட்டம் இருந்தாத்தானுங்க எது மேல, எது கீழன்னு போனுக்குத் தெரியும். நாலுலயும் இருந்தா அதுக்கு எப்படீங்க தெரியும்?”

அதானே? காலியாக இருந்ததும் ஒரு காரணத்தோடுதான் காலியாக இருந்திருக்கிறது. ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட்டு, நாற்பத்தேழு தடவை தப்புச் செய்தேன். அதுவும் ஸ்கேல் வைத்து.

புது ஸ்டிக்கர் வந்துவிட்டது. நாலாவது மூலையை நான் தொடவில்லை. ஸ்டிக்கருக்கு வெளியே, அந்த மூலைக்கு நேராக, பாட்டிலுக்கு ஒரே ஒரு குங்குமப் பொட்டு மட்டும் வைத்து அனுப்புகிறேன். போன் அதைக் கண்டுகொள்வதில்லை. அக்னி பகவான் கண்டுகொண்டால் போதும்!