ராஜா காலடியில் ஒரு பாக்ஸ்

மிருதங்கம் தீர்மானம் வைத்து, பாட்டுக்கு இடம் விட்டு நின்றது. மைக் சரியாக இருந்தது. ஆம்ப்ளிஃபயர் முள் துடித்துக்கொண்டிருந்தது. கிரீடம் வைத்த ராஜா மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்துக்குக் காரணம் நான். மைக்செட் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. எங்கள் சந்தேகம்

திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே ஒரு வேதக்கார ஊர். ஆற்றில் தண்ணீர் இல்லாத மே மாதம், மாதா கோவில் வயலில் அறுத்த நெல்தாள் குத்தக் குத்த உட்கார்ந்து, ஊரே மூன்று நாள் வாசாப்பு பார்க்கும். முழுக்கப் பாட்டிலேயே நடக்கும் பழைய கிறித்தவ நாடகங்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சொல்லித் தருபவர் அண்ணாவி.

எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம். ராஜா, மந்திரி, சேவகன் எல்லோரும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார்கள். லீவில் வந்து வேஷம் கட்டுவார்கள். ஊர்க்கட்டு ஒன்று உண்டு. மேடையில் பாட்டை விட்டவன் அங்கேயே கிரீடத்தைக் கழற்ற வேண்டும். பிறகு அது அந்த வீட்டுக்குத் திரும்பாது.

என் தொழிலிலோ சந்தேகம்தான் முதல் கருவி. கரகரத்தால் ஒயரைச் சந்தேகப்படு. கூவினால் மைக்கைச் சந்தேகப்படு. ஒன்றுமே கேட்கவில்லையென்றால் ஜெனரேட்டர்காரனைச் சந்தேகப்படு. அந்த வருஷம் நான் ராஜாவைச் சந்தேகப்பட்டேன்.

2. மேடையில் பாக்ஸ்

அவனைச் சூசைராஜ் என்று வைத்துக்கொள்வோம். மத்தியானம் மேடை கட்டும்போது வந்தான்.

"அண்ணே, ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை மேடைப் பலகையிலயே போடுங்க. நான் நிக்கிற எடத்தோட ஒட்டி. மிருதங்கம் அதுல தூக்கலா வரணும்."

"மேடையில போட்டா மைக் கூவும் தம்பி. பாக்ஸ் ஜனங்களுக்கு, உனக்கு இல்ல."

"சிங்கப்பூர்ல இப்படித்தாண்ணே."

அந்தச் சிங்கப்பூர்தான் எனக்கு எரிந்தது. சரி என்று வைத்தேன். ஆனால் கண் அவன்மேலேயே இருந்தது. வேஷத்துக்கான ஜரிகைச் செருப்பை ஒதுக்கிவிட்டு, பலகையில் வெறுங்காலோடு நடந்தான். பின்னாலிருந்து மூன்று முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. என்ன திமிர்!

அண்ணாவி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஒத்திகைக்கு வாடான்னா காய்ச்சல்ங்கிறான். என்னமோ மறைக்கிறான்யா."

எனக்குப் பளிச்சென்றது. பக்கத்து ஊரில் ஒரு துபாய் ராஜா, கேசட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைத்து மாட்டிக்கொண்டான். மைக்செட்காரனைத்தான் முதலில் அடித்தார்கள். இவனும் அந்தப் பாக்ஸை வைத்து ஏதோ திட்டம் போடுகிறான். பொழுது சாய்ந்து பாட்டு தொடங்குமுன், யாருக்கும் சொல்லாமல் பாக்ஸைக் கீழே வயலில் இறக்கிவிட்டேன்.

3. உள்ளங்கால்

ராஜா பாடவில்லை.

"சிங்கப்பூர்ல தமிழ் மறந்துபோச்சுடோய்!" என்று ஒரு குரல். வயல் முழுக்கச் சிரிப்பு. அண்ணாவி எழுந்துவிட்டார், அவர் பார்வை கிரீடத்தில் இருந்தது.

சூசைராஜ் ஜனங்களைப் பார்க்கவில்லை. பாக்ஸ் இருந்த இடத்தைப் பார்த்தான். வலது காலை மெல்ல நகர்த்திப் பலகையில் அழுத்தினான். எடுத்தான். மறுபடி அழுத்தினான்.

கூட்ட இரைச்சலில் பாக்ஸ் வேலை செய்கிறதா என்று காதால் சொல்ல முடியாது. உள்ளங்கையை அதன்மேல் வைத்துத்தான் பார்ப்போம். அவன் உள்ளங்காலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடினேன். பாக்ஸைத் தூக்கிப் பலகையில் போட்டேன்.

"அண்ணாவி! தப்பு என்னோடது! ஒயர் புடுங்கிக்கிச்சு, மறுபடி எடுக்கச் சொல்லுங்க!"

மிருதங்கம் எழுந்தது. பலகை அதிர்ந்தது. சூசைராஜ் கண்ணை மூடிப் பாடினான். சுருதி ஒரு நூல் விலகியிருந்தது. தாளம் அசையவில்லை.

4. மறுநாள்

ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். வந்து நின்றான். முகத்துக்கு நேராகக் கேட்டேன். "எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். கப்பலுக்குள்ள எறங்கி துரு தட்டுற வேலைண்ணே. நாள் பூரா இரும்புச் சத்தம். வலது காது போச்சு. இடது லேசா இருக்கு."

"அண்ணாவிகிட்ட சொல்லலாம்ல?"

"அவருக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிஞ்சா ஏஜெண்டுக்குத் தெரியும். மெடிக்கல்ல கழிச்சிருவானுங்க. கிரீடமும் போயிரும், பெர்மிட்டும் போயிரும்."

நான் சொல்லவில்லை. இப்போது பெர்மிட் முடிந்து ஊரோடு வந்துவிட்டான். கிரீடத்தையும் அவனாகவே தம்பி தலையில் வைத்துவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒயரைச் சந்தேகப்படுங்கள், மைக்கைச் சந்தேகப்படுங்கள். ஓர் ஆள் விசித்திரமாக ஒன்று கேட்டால் மட்டும், எதற்கு என்று அவன் முன்னால் நின்று கேட்டுவிடுங்கள்.

அவன் பாடிய அடுத்தடுத்த வருஷங்களில் பாக்ஸை நானே ராஜா காலடியில் வைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அண்ணாவி வந்து நிற்பார். "எதுக்குய்யா அது அங்க? சிங்கப்பூர் சென்ட் பாட்டில் ஏதும் கைமாறிச்சா?"

"எர்த் கோளாறு அண்ணாவி. அங்க வச்சாத்தான் இரைச்சல் வராது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். கடைசிவரை நம்பவே இல்லை.